மாம்பழம் நமக்கா, அணிலுக்கா? சிங்கப்பூர்த் தோட்டத்துக்குத் துருப்பிடிக்காத ஒரு காவல்

மனைவியின் தம்பி அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வந்து இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். ஒருநாள் காலை காபியோடு பின்வாசலில் உட்கார்ந்தவன், மாமரத்தில் ஓர் அணில் தலைகீழாகத் தொங்கியபடி காயைக் குடைவதைப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், எங்க ஊரா இருந்தா இதுக்கு ஒரு பாயிண்ட் டூ டூ துப்பாக்கி போதும்."

அங்கே அவன் உரிமம் எடுத்துப் பருவம் பார்த்து அணில் வேட்டைக்குப் போகிறவன். என்ன துப்பாக்கி என்று தெரியாமல் கேட்டுவிட்டேன், அரை மணி நேரம் ஓடிவிட்டது. போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் வகைதான் வாங்க வேண்டுமாம்; தானியங்கியைவிட அதில் அசையும் பாகங்கள் குறைவு. குழல் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால், மழையில் நனைந்து வந்து சோம்பலில் துடைக்காமல் வைத்தாலும் சட்டென்று துரு ஏறாது. தோளில் வைக்கும் கட்டை மரமாக இருந்தால் ஈரத்தில் ஊதும், அதனால் சிந்தெடிக். "வாங்கறப்ப கொஞ்சம் கூடக் குடுத்துட்டா, அப்புறம் அது பாட்டுக்குக் கிடக்கும்" என்று முடித்தான்.

துப்பாக்கி அவனோடு போகட்டும். அவன் சொன்ன அளவுகோல் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. துருப்பிடிக்குமா, அசையும் பாகம் எத்தனை, ஆறு மாதம் மறந்துவிட்டால் தாங்குமா? ஏழு வருஷமாக அணிலோடு மல்லுக்கட்டி நான் வீணாக்கிய காசெல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் கேட்காததால் போனதுதான். தரைவீட்டுத் தோட்டமோ, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நாலு தொட்டியோ, சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தியோ, எது இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதலில், எதையெல்லாம் செய்யக் கூடாது

இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. "அண்ணே, சின்னக் காற்றுத் துப்பாக்கி ஒண்ணு ஆன்லைன்ல வருதே" என்று வருஷத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். இங்கே காற்றுத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் வரவழைப்பதும் குற்றம். பிளாஸ்டிக் குண்டு போடும் பொம்மை மாதிரியான ஏர்சாஃப்ட்டைக்கூட சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள். நிஜத் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி சிறையோடு பிரம்படியும் உண்டு.

சரி, துப்பாக்கி இல்லாமல் பொறி வைத்துப் பிடிக்கலாமே என்றால் அதுவும் முடியாது. பழைய வன விலங்கு, பறவைகள் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் மாதம் முதல் வனவிலங்குச் சட்டமாக நடப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு காட்டு உயிரைக் கொல்வது, பொறியில் பிடிப்பது, எடுத்து வைத்துக்கொள்வது எல்லாமே குற்றம். சாதாரண இனத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் இன்னும் கூடும். லாஸ்டிக்கில், அதாவது கவணில், கல் வைத்து அடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அதே சட்டம் மறுபக்கமும் கடிக்கும். "பாவம், அதுக்குத் தனியா வச்சுட்டா நம்ம பழத்தைத் தொடாது" என்று தட்டில் பப்பாளித் துண்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டு உயிருக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை போகலாம். அது போக, ஒரு அணில் வந்த இடத்துக்கு நாலு வரும்.

எலி விஷம், பசை அட்டை இரண்டும் என் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் முடிவு. விஷம் தின்ற எலியை ஆந்தை தின்னும். பசையில் பல்லியும் சிட்டும் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

திருடன் யார் என்று பாருங்கள்

நம்மில் பலரும் மனத்தில் வைத்திருப்பது ராமர் தடவிக் கொடுத்த மூன்று கோட்டு அணில். அது இந்தியாவில். இங்கே தோட்டத்தில் ஓடுவது பிளான்டெய்ன் அணில். முதுகில் கோடே இருக்காது, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். விலாவில் ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. வயிறு செங்கல் நிறம். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அம்மா, இதை மலாயில் "துப்பாய்" என்பார். முதல் தடவை கேட்டபோது அவர் துப்பாக்கி எடுக்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

அதே துப்பாய் என்ற பேரில் இன்னொன்றும் அடங்கும், மர மூஞ்சூறு. பார்க்க அணில்தான், ஆனால் மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும். பெரும்பாலும் தரையில் பூச்சி கிளறும், விழுந்த பழம் தின்னும்.

பழத்தைக் கெடுப்பது எப்போதும் அணில் என்று நினைக்க வேண்டாம். கடித்த காயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஜோடி ஜோடியாகக் குட்டி உளியால் சுரண்டிய மாதிரி பல் தடம் இருந்தால் அணில், அல்லது எலி. பகலில் நடந்தால் அணில். மாலை முழுசாக இருந்தது விடிகாலையில் குடைந்து கிடந்தால் எலி. கொத்திய குழி ஒழுங்கில்லாமல், ஓரம் கிழிந்து இருந்தால் மைனாவோ குயிலோ. சக்கையை மென்று துப்பிய உருண்டைகள் கார் நிறுத்துமிடத்தில் கிடந்தால் பழந்தின்னி வௌவால். கூரைக்கடியில் அண்ணாந்து பார்த்தால் இரண்டு மூன்று தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, உள்ளே புழு என்றால் பழ ஈ, அதற்கு எந்தக் கம்பி வலையும் உதவாது.

ஒரு வாரம் காலை ஏழு மணி வாக்கில் ஒரு தடவை, மாலை ஆறு மணி வாக்கில் ஒரு தடவை பார்த்தால் போதும். இந்த அணில் நடுப்பகலில் பெரும்பாலும் படுத்துவிடும்.

எல்லாவற்றையும் காக்க முடியாது

என் மாமரத்தில் நல்ல வருஷத்தில் எண்பது, நூறு காய் நிற்கும். நாங்கள் தின்பதும் கொடுப்பதும் முப்பது. அந்த முப்பதுக்கு மட்டும் கவசம் போட்டால் போதும் என்று புரிய எனக்கு நாலு வருஷம் ஆனது. முழு மரத்துக்கும் வலை போர்த்த நினைப்பதுதான் பெரிய செலவு, பெரிய பராமரிப்பு, பெரிய ஆபத்து.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் முதலில் செய்தது அதைத்தான். பச்சை நைலான் வலை, கண் இரண்டு விரல் அகலம், மலிவு. மூன்றாம் நாளே அணில் கீழ் ஓரத்தைக் கத்தரித்துவிட்டது. இரண்டாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் மாங்குயில் ஒன்று இறக்கை சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. துண்டை அதன் தலைமேல் போட்டு, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வோர் இழையாக அறுத்து எடுக்க இருபது நிமிஷம் ஆனது. அது பறந்தது, நான் வலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். வலை போட்டே ஆக வேண்டுமென்றால் சுண்டுவிரல் நுழையாத அளவு பொடிக்கண் வலையாக, தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கலான பெரிய கண் வலை பறவைக்கும் பாம்புக்கும் தூக்குக் கயிறு. அப்படி ஏதாவது சிக்கி நீங்களே எடுக்க முடியவில்லை என்றால் தேசியப் பூங்காக் கழகத்தையோ வனவிலங்கு மீட்பு அமைப்பான ஏக்ரெஸையோ அழையுங்கள்.

கம்பி வலை வாங்குவது

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

ஹார்ட்வேர் கடையில் "கோழி வலை" என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த துத்தநாகப் பூச்சு வலையைச் சுருட்டிக் கொடுப்பார்கள். விலை குறைவு, கையால் வளையும். நம் ஊர் ஈரத்திலும் மழையிலும் முறுக்கு விழுந்த இடங்களில் பூச்சு முதலில் போகும். என் வீட்டில் இரண்டாவது வருஷம் காய்மேலெல்லாம் துருத் தண்ணீர் வழிந்த தடம். கண்ணும் பெரிசு, குட்டி அணில் உள்ளே போய்விடும்.

கேட்க வேண்டியது ஸ்டெயின்லெஸ் வெல்டட் மெஷ், கண் அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் சுமார், கம்பி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. இதைவிடப் பொடிக்கண் வாங்கினால் வெட்டுவது தண்டனை. இதைவிட மெல்லிய கம்பி என்றால் பை நசுங்கிப் பழத்தில் ஒட்டும்.

ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304, 316 என்று இரண்டு கேள்விப்படுவீர்கள். 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும். ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் கடலை ஒட்டிய வீடாக இருந்தால் 316க்குக் கொடுக்கும் கூடுதல் காசு தகும். உள்நாட்டுப் பக்கம், சிராங்கூன், புக்கிட் தீமா மாதிரி இடங்களுக்கு 304 போதும் என்பது என் எண்ணம்.

கடைக்குப் போகும்போது குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பில் அது டப்பென்று ஒட்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் ஒட்டவே ஒட்டாது, அல்லது லேசாக இழுக்கும். 304ஐயும் 316ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது, அதற்குக் கடைக்காரர் ரசீதில் எழுதித் தரட்டும். ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், முழுச் சுருள் வாங்க வேண்டியதில்லை.

கட்டுவதற்கும் ஸ்டெயின்லெஸ் கம்பியே வாங்குங்கள். வலை ஒரு உலோகம், கட்டுக்கம்பி இன்னொன்று என்றால் மழைத்தண்ணீர் நடுவில் நின்று துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். நைலான் கேபிள் டை வெயிலில் வறண்டு உடையும், அதற்குள் அணில் கடித்துவிடும்.

ஒரு காய்க்கு ஒரு பை

கையுறை முதலில். தோல் கையுறை. வெட்டிய கம்பி முனை கொக்கி மாதிரி இருக்கும், நான் இரண்டு தடவை விரலைக் கிழித்துக்கொண்டேன்.

தகரக் கத்தரியால் 60 சென்டிமீட்டருக்கு 30 என்று ஒரு துண்டு வெட்டுங்கள். 60 பக்கத்தை வளைத்துச் சுருட்டி, ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துக் கம்பியால் தையுங்கள். இப்போது ஒரு குழாய். அதன் ஒரு முனையை உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கி, பிஸ்கட் பொட்டலத்தின் வாயை மடிக்கிற மாதிரி இரண்டு சென்டிமீட்டர் மடித்து நசுக்குங்கள். வெட்டு முனைகள் எல்லாம் மடிப்புக்குள்ளே போய்விட வேண்டும். காயை உள்ளே விட்ட பிறகு மேல் முனையிலும் அதே மடிப்பு, நடுவில் மட்டும் காம்பு நுழைய ஒரு கண் அளவு வெட்டிவிடுங்கள்.

காய் கோழிமுட்டை அளவு வந்ததும் முதலில் ஒரு காகிதப் பை, பழ ஈக்காக. அதன்மேல் கம்பிப் பை. காய்க்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒட்டியிருந்தால் வலையின் கண் வழியாகவே அணில் சுரண்டித் தின்றுவிடும், பை இருந்தும் கொட்டை மட்டும் மிஞ்சும். நான் இதை நேரில் பார்த்து வாயடைத்து நின்றிருக்கிறேன்.

இந்தப் பை ஒன்று கிட்டத்தட்ட 180 கிராம் கனக்கும். காம்பில் தொங்கவிட்டால் காற்றடித்த அன்றைக்கே காய் உதிரும். காம்புக்கு மேலே உள்ள கிளையில் கட்டுக்கம்பியைச் சுற்றி, கனம் முழுவதும் கிளையில் இருக்கும்படி தொங்கவிடுங்கள். கம்பி கிளையை அறுக்காமல் இருக்க ஒரு துண்டு பழைய தண்ணீர்க் குழாயைக் கீறி இடையில் வையுங்கள்.

முப்பது பை செய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவ்வளவுதான் வேலை. காய் பறித்ததும் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பின்கட்டில் மாட்டிவிடுவேன், அடுத்த பூவுக்கு அதே பை.

பலாவுக்கு இந்த வேலை வேண்டாம், பழைய அரிசிச் சாக்கு போதும். மக்சிக்கின் அப்பா கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) இருந்த காலத்தில் தென்னை ஓலை முடைந்து, பலா மாதிரியான செம்படாக் காய்க்கு உறை போடுவாராம். அதை வருஷா வருஷம் முடைய வேண்டும், நமக்குக் கை வராது. கொய்யாவுக்கும் ஜம்புவுக்கும் கொத்துக் கொத்தாக ஒரு பெரிய பை போடலாம். ரம்புத்தானை நான் விட்டுவிட்டேன், அது அணிலுக்கே.

இன்னொரு தந்திரம் செலவே இல்லாதது. மாங்காயை மரத்தில் பழுக்க விடாதீர்கள். காம்பைச் சுற்றித் தோள் தூக்கி, தோலில் வெளிர்சாம்பல் படர்ந்து வந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். விரல் கணு நீளத்துக்குக் காம்போடு வெட்டி எடுத்தால் பால் தோலில் வழிந்து கருக்காது. அரிசி டப்பாவில் புதைத்து வைத்தால் வாசம் வந்து உங்களைக் கூப்பிடும்.

மரத்துக்குத் தகடு

அடிமரத்தைச் சுற்றி வழவழப்பான அலுமினியத் தகடு கட்டினால் அணில் ஏற முடியாது என்பது உண்மைதான். தகடு 60 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் ஏற்றிவைத்து ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டினால் மரம் பருக்கும்போது தகடும் விரியும்.

ஆனால் கிளைக்கும் சுவர், கூரை, பக்கத்து மரம், வயர் எதற்கும் நடுவே குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். நம் வரிசை வீடுகளில் அது எங்கே இருக்கிறது? கூரையிலிருந்து ஒரே தாவு. தனியாக நிற்கும் மரம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அது மரத்துக்குப் போட்ட ஒட்டியாணம். கிளை கழிக்க நினைத்தால் உங்கள் மனைக்குள் உள்ளதை மட்டும் தொடுங்கள், சாலையோர மரம் உங்களுடையது கிடையாது. மரப் பாதுகாப்புப் பகுதியில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சாய்க்க, அது உங்கள் வீட்டு மரமாகவே இருந்தாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

கூம்பு வடிவத் தடுப்பு வாங்கினால் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். கவிழ்க்காமல் புனல் மாதிரி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும், அப்புறம் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து கதவைத் தட்டுவார்.

தாழ்வாரத் தொட்டிகள்

வீவகவில் கீழ்மாடிகளில் இருப்பவர்களுக்கு அணில் தக்காளியையும் மிளகாய் நாற்றையும் தோண்டிப் போடும். அதே அரை அங்குல வலையை வட்டமாக வெட்டி, தண்டுக்கு ஒரு கீறல் விட்டு, தொட்டி மண்மேல் மூடிபோல் படுக்க வையுங்கள். தோண்டுவது அன்றோடு நிற்கும். கூண்டு கட்டுவதென்றால் தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் இடம் விட்டாக வேண்டும். வெளிச்சுவரில் எதுவும் தொங்கவிடும் முன் நகர மன்றத்தைக் கேளுங்கள்.

கூரை

பழம் போனால் போகிறது. கூரைக்குள் போய் வயரைக் கடித்தால்தான் வினை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் உடனே அடைத்துவிடாதீர்கள், உள்ளே குட்டி இருக்கலாம். செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் லேசாகச் செருகுங்கள். தாய் இருந்தால் அன்றே தள்ளிவிட்டுப் போகும். மூன்று நாள் தாள் அசையாமல் இருந்தால் கம்பி வலையை மடித்துத் திணித்துத் திருகாணி போடுங்கள். தாள் வெளியே கிடந்தால் சில வாரம் பொறுங்கள், குட்டிகள் வெளியே ஓடத் தொடங்கியதும் மறுபடி தாள் வைத்துப் பாருங்கள்.

நான் கைவிட்டவை

மிளகாய்த் தண்ணீர் வேலை செய்யும், பாலூட்டிகளுக்கு அது எரியும். பறவைக்கு உறைக்காது, அது பாட்டுக்குக் கொத்தும். ஆனால் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் ஒவ்வொரு மழைக்கும் பின்னால் அடித்துக்கொண்டிருக்க முடியுமா? பழைய சிடியைத் தொங்கவிட்டேன், நாலாம் நாள் அணில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிக்கு பேட்டரி மாற்றி மாற்றி அலுத்துப்போய் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் ஆந்தை இன்னும் மதில்மேல் இருக்கிறது. அதன் தலையில் மைனா உட்காரும்.

பராமரிப்பு

வருஷத்துக்கு இரண்டு நாள். பொங்கலுக்குத் தோரணத்துக்காக அக்கம்பக்கத்தார் மாவிலை கேட்டு வரும்போது ஏணி எப்படியும் வெளியே இருக்கும், அன்றைக்கு எல்லாப் பையின் மடிப்பையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன், தளர்ந்த கட்டைத் திருகுவேன், தகட்டின் ஸ்பிரிங்கை ஒரு கொக்கி தள்ளி மாட்டுவேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை இதையே திரும்பச் செய்வேன். எண்ணெய் இல்லை, பேட்டரி இல்லை.

இந்த வருஷம் முப்பதில் இருபத்தேழு பழம் முழுசாக வந்தது. போன மூன்றில் இரண்டு நான் மடிப்பைச் சரியாக நசுக்காதது, ஒன்று காகிதப் பை போட மறந்து ஈ குத்தியது. மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "ஸ்டெயின்லெஸ்ஸா அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.